விமானத் தளத்துக்குப் பக்கத்தில் மறுவிற்பனை வீடு: வாங்குவோர் சறுக்கும் இடங்கள்

சனிக்கிழமை மதியம் மூன்று மணி. சிங்கப்பூரின் ஹவ்காங்கில் ஓர் ஐந்தறை வீட்டைப் பார்க்கப் போகிறீர்கள். ஜன்னலெல்லாம் திறந்திருக்கிறது, காற்று நன்றாக வருகிறது, கீழே பிள்ளைகள் பந்து விளையாடுவதைத் தவிர வேறு சத்தமில்லை. பாய லேபார் விமானத் தளம் பக்கத்தில்தானே, சத்தம் எப்படி என்று கேட்டால், "பழகிடும், பெருசா ஒண்ணும் இல்ல" என்பார் வீட்டுக்காரர். அவர் பொய் சொல்லவில்லை. இருபது வருடம் அங்கே இருந்தவரின் காதில் அது விழுவதே இல்லை. உங்கள் காதில் விழும். அதுவும் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, வீட்டிலிருந்தே வேலை பார்க்கும்போதோ குழந்தையைத் தூங்க வைக்கும்போதோ.

முதல் தவறு இதுதான்: வார இறுதியில் மட்டும் வீடு பார்ப்பது. போர் விமானப் பயிற்சி பெரும்பாலும் வார நாட்களில்தான் நடக்கும். வேலைக்குப் போகிறவர்களுக்கு வீடு பார்க்க நேரம் கிடைப்பதோ சனி, ஞாயிறு. இரண்டும் சந்திப்பதே இல்லை. ஜூலையில் ஒரு சனிக்கிழமை பார்க்கப் போய், தேசிய தின ஒத்திகை விமானங்களின் இரைச்சலைக் கேட்டு மிரண்டு நல்ல வீட்டை விடுபவர்களும் உண்டு. அதுவும் சரியான அளவுகோல் இல்லை. ஒரு நாள் விடுப்பு எடுங்கள். காலை ஒன்பதரை முதல் பன்னிரண்டு வரையும், இன்னொரு நாள் இரவு ஏழு முதல் ஒன்பதரை வரையும் அந்த புளோக்கின் மேல்மாடி நடைபாதையிலோ, வாய்ட் டெக் எனும் கீழ்த்தளத் திறந்த வெளியிலோ உட்கார்ந்து பாருங்கள். வாங்கப்போகும் வீட்டுக்குள்தான் உட்கார வேண்டும் என்பதில்லை, வானம் எல்லா மாடிக்கும் பொது.

தூரத்தை அளப்பதைவிடத் திசையைப் பாருங்கள்

"தளத்திலிருந்து மூன்று கிலோமீட்டர் தள்ளித்தான் இருக்கு" என்று ஏஜெண்ட் சொன்னால் அதில் பாதித் தகவல்தான் இருக்கிறது. ஓடுபாதையின் நேர்க்கோட்டில் நான்கு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் வீட்டில், பக்கவாட்டில் இரண்டு கிலோமீட்டரில் இருக்கும் வீட்டைவிடச் சத்தம் அதிகமாக இருக்கலாம். செயற்கைக்கோள் வரைபடத்தைத் திறந்து ஓடுபாதையைக் கண்டுபிடியுங்கள். அதன் இரு முனைகளிலிருந்தும் நேராக ஒரு கோடு இழுங்கள். பாய லேபார் ஓடுபாதை ஏறக்குறைய வடக்கு-வடகிழக்கிலிருந்து தெற்கு-தென்மேற்காகக் கிடக்கிறது. மேற்கே உள்ள தெங்கா விமானத் தளத்தின் ஓடுபாதை வடக்கு தெற்காக. வடக்கே உள்ள செம்பவாங் தளத்தின் ஓடுபாதை வடகிழக்கு தென்மேற்காக, ஆனால் அங்கே இருப்பவை ஹெலிகாப்டர்கள். அவை ஓடுபாதையின் கோட்டைப் பெரிதாக மதிக்காது, எந்தப் பக்கமும் திரும்பும்.

பலரும் யோசிக்காத ஒன்று இதில் இருக்கிறது. விமானம் காற்றை எதிர்த்துத்தான் ஏறும், இறங்கும். நம் ஊரில் டிசம்பர் முதல் மார்ச் தொடக்கம் வரை வடகிழக்குப் பருவக்காற்று, ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. ஆகவே பாய லேபாருக்கு வடக்கே இருக்கும் வீட்டுக்குப் பொதுவாக ஆண்டின் முதல் மாதங்களில் புறப்பாட்டுச் சத்தம், ஆண்டின் நடுவில் இறங்கும் சத்தம். போர் விமானம் புறப்படும்போது எஞ்சின் முழு விசையில் இருக்கும், இறங்கும்போது அவ்வளவு இருக்காது. தெற்கே இருப்பவர்களுக்கு இது தலைகீழ். வடக்கே ஆகஸ்ட்டில் வீடு பார்த்து "பரவாயில்லையே" என்று வாங்கியவர் ஜனவரியில் திகைப்பது இதனால்தான். இரண்டு பருவத்துக்கும் காத்திருக்க முடியாது என்றால், வாங்கப்போகும் வீட்டுக்காரரை விட்டுவிட்டுப் பக்கத்து புளோக்கில் ஒன்றிரண்டு வருடத்துக்கு முன் குடிவந்தவரிடம் கேளுங்கள். புதிதாக வந்தவரின் காது இன்னும் மரத்துப்போயிருக்காது.

சுவா சூ காங், ஜூரோங் வெஸ்ட் பக்கம் பார்ப்பவர்கள் விமானத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். மேற்கே துப்பாக்கி, பீரங்கிப் பயிற்சி நடக்கும் இடங்களும் உண்டு. யீஷூன் பக்கத்தில் நீ சூன் சுடுதளம். தற்காப்பு அமைச்சு நேரடிச் சுடும் பயிற்சிக்கு முன்னறிவிப்பு வெளியிடுகிறது. அதை ஒரு மாதம் கவனித்தால் அந்த வட்டாரத்தின் தாளம் பிடிபடும்.

"டபுள் கிளேஸிங் போட்டா சரியாகிடும்"

பாதிதான் சரியாகும். கடையில் டபுள் கிளேஸிங் என்று விற்கப்படுவதில் பல, இரண்டு கண்ணாடிக்கு நடுவே 12 மில்லிமீட்டர் இடைவெளி விட்ட அடைப்பு. அது வெப்பத்துக்கு நல்லது. சத்தத்துக்கு, குறிப்பாக ஹெலிகாப்டரின் "தப தப" என்ற தாழ்ந்த ஒலிக்கு, அந்த இடைவெளி போதாது. இரு கண்ணாடியும் ஒரே கனத்தில் இல்லாமல் இருப்பது, ஒன்றாவது நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்த லேமினேட்டட் கண்ணாடியாக இருப்பது, இருக்கும் ஜன்னலுக்கு உள்ளே ஒரு சாண் தள்ளி இரண்டாவது ஜன்னல் வைப்பது, இவைதான் வித்தியாசம் காட்டும்.

அதைவிட முக்கியம் இடுக்கு. ஓரமாகத் தள்ளித் திறக்கும் ஜன்னலின் விளிம்பில் தூரிகை மாதிரி ஒரு பட்டைதான் இருக்கும், காற்றும் சத்தமும் தாராளமாக நுழையும். கதவு மாதிரித் திறந்து, ரப்பர் பட்டையில் அழுந்தி மூடும் ஜன்னல் எவ்வளவோ மேல். ஆனால் மூன்று அறைக்கும் நல்ல ஜன்னல் போட்டுவிட்டு, குளியலறையில் லூவர் கண்ணாடியையும் பின்கட்டில் திறந்த வெளியையும் அப்படியே விட்டால் செலவு வீண். சத்தம் அந்த வழியாகச் சுற்றி வந்து படுக்கையறைக் கதவின் அடியில் நுழையும். எல்லாவற்றையும் மூடினால் ஏர்கான் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், மின்கட்டணத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் ஜன்னலை மாற்ற, கட்டட, கட்டுமான ஆணையத்தின் அங்கீகாரம் பெற்ற ஜன்னல் குத்தகையாளர்தான் வேண்டும். பழைய வீட்டில் மெயின் சுவிட்ச் 30 ஆம்ப்பாக இருந்தால், கூடுதல் ஏர்கானுக்கு முன் உரிமம் பெற்ற மின்பணியாளர் அதைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

"தளம் போகப்போகுது, விலை ஏறும்"

பாய லேபார் பக்கத்தில் விற்பவர் எல்லாரும் சொல்லும் வசனம் இது. அடிப்படை உண்மைதான். 2013 தேசிய தினப் பேரணியில் தளத்தை இடம் மாற்றும் திட்டம் அறிவிக்கப்பட்டது. சுமார் 800 ஹெக்டேர் நிலம் விடுபடும், சுற்றுவட்டாரக் கட்டடங்களின் உயரக் கட்டுப்பாடும் தளரும். 2022 பேரணியில், அந்த வட்டாரத்தில் ஏறத்தாழ 150,000 புதிய வீடுகள் வரலாம் என்று சொல்லப்பட்டது. ஆனால் இடமாற்றம் 2030-களில். அதன் பிறகு கட்டுமானம் பல பத்தாண்டுகளுக்கு நீளும்.

உங்களுக்கு அதனால் என்ன என்று யோசியுங்கள். ஜெட் சத்தம் போனதும் லாரியும் பைலிங் இயந்திரமும் வரும். புது வீடுகள் வந்து குவியும்போது, உங்கள் வீடு ஐம்பது வயதைத் தாண்டி, குத்தகைக் காலம் தேய்ந்துகொண்டிருக்கும். பக்கத்தில் 99 ஆண்டு முழுதாக மிச்சமுள்ள புத்தம்புது வீடு இருக்க, உங்கள் வீட்டுக்கு யார் கூடுதல் விலை தருவார்? விலை ஏறலாம், ஏறாமலும் போகலாம். அந்த நம்பிக்கைக்காக இன்றே கூடுதலாக 40,000 வெள்ளி தருவதுதான் தவறு. மறுபக்கம், பாய லேபாரிலிருந்து கிளம்புபவை எங்கேயாவது போய்த்தானே ஆக வேண்டும். தெங்கா தளம் விரிவாகிறது, அதற்காகச் சுவா சூ காங் கல்லறைகளில் பல்லாயிரக்கணக்கானவை தோண்டி எடுக்கப்படுகின்றன. மேற்கே வாங்குபவர் இந்தச் செய்தியை அதே கவனத்தோடு படிக்க வேண்டும். நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் பெருந்திட்ட வரைபடம் இணையத்தில் இலவசம், ஏஜெண்டின் வாய்மொழியைவிட நம்பகம்.

இனி, சத்தமே இல்லாமல் சறுக்க வைப்பவை.

இன ஒதுக்கீடு. வீவக புளோக்கில் எந்த இனத்தவர் எத்தனை விழுக்காடு வீடு வைத்திருக்கலாம் என்ற வரம்பு. நம்மவர்களுக்கு இது தனியாகச் சொல்லப்பட வேண்டிய விஷயம். இந்தியர் மற்றும் பிற இனத்தவருக்கு அக்கம்பக்கத்தில் 12 விழுக்காடும் புளோக்கில் 15 விழுக்காடும் உச்ச வரம்பு. ஒரு புளோக்கில் இந்த வரம்பு நிரம்பியிருந்தால், அங்கே இந்தியர் ஒருவர் இன்னோர் இந்தியரிடமிருந்தோ இந்தப் பிற இனத்தவரிடமிருந்தோதான் வாங்க முடியும். ஒவ்வொரு மாதமும் முதல் தேதி கணக்கு புதுப்பிக்கப்படுகிறது. போன மாதம் சரி என்று பார்த்துவிட்டு இந்த மாதம் ஆப்ஷன் (வீட்டை வாங்கும் உரிமைப் பத்திரம்) வாங்கி மாட்டிக்கொள்பவர்கள் உண்டு. வாங்கும்போது பார்ப்பவர்கள்கூட விற்கும் நாளை மறந்துவிடுகிறார்கள். சீன வரம்பு நிரம்பிய புளோக்கில் இந்தியர் வீட்டைச் சீனருக்கு விற்க முடியாது. வாங்கக்கூடியவர் கூட்டம் சுருங்குகிறது, விலை இறங்குகிறது. அதே புளோக்கில் இரண்டு கதவு தள்ளி விற்ற விலையைக் காட்டி உங்களிடம் பேரம் பேசினால், அதை விற்றவர் யாருக்கு விற்க முடிந்தது என்பதையும் சேர்த்து யோசியுங்கள். கணவன் மனைவி இருவரும் நிரந்தரவாசிகள் என்றால், இருவரும் அந்தத் தகுதி பெற்று மூன்று வருடம் ஆகியிருக்க வேண்டும், மலேசியர் அல்லாத நிரந்தரவாசிகளுக்கான தனி ஒதுக்கீடும் உண்டு, முதல் வீட்டுக்கே 5 விழுக்காடு கூடுதல் முத்திரைத் தீர்வையும் உண்டு.

குத்தகை மிச்சம். 1985-இல் 99 ஆண்டுக் குத்தகை தொடங்கிய வீட்டுக்கு 2026-இல் மிச்சம் 58 ஆண்டு. மத்திய சேம நிதியை முழுமையாகப் பயன்படுத்த, வாங்குவோரில் இளையவரின் வயதோடு இந்த 58-ஐக் கூட்டினால் 95-ஐ எட்ட வேண்டும். இளையவருக்கு 37 வயது என்றால் சரி. 30 வயது என்றால் 88-தான் வருகிறது. பயன்படுத்தக்கூடிய சேம நிதித் தொகையும் வீவக கடன் தொகையும் குறையும், மீதிக்கு ரொக்கம் தேட வேண்டும். வீடு பிடித்துப்போன பிறகு இந்தக் கூட்டலைப் போடாதீர்கள், பார்க்கப் போகும் முன்பே போடுங்கள்.

மதிப்பீட்டுக்கு மேல் கொடுக்கும் பணம். வரிசை இப்படி: முதலில், வீடு வாங்கவும் கடன் பெறவும் உங்களுக்குத் தகுதி உண்டா என்று வீவக தரும் தகுதிக் கடிதம், அது ஒன்பது மாதம் செல்லும். பிறகு பேரம். ஆப்ஷன் தொகை அதிகபட்சம் 1,000 வெள்ளி, ஆப்ஷனைச் செயல்படுத்தும்போது தருவதையும் சேர்த்து மொத்த முன்பணம் 5,000-ஐத் தாண்டக் கூடாது. ஆப்ஷன் வாங்கிய மறு வேலை நாளுக்குள் மதிப்பீடு கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். அதாவது விலையை ஒப்புக்கொண்ட பிறகுதான் மதிப்பு தெரியும். 620,000 வெள்ளிக்குப் பேசி முடித்த வீட்டுக்கு மதிப்பீடு 590,000 என்று வந்தால், நடுவில் உள்ள 30,000 முழுவதும் கையிலிருந்து ரொக்கம். வீவக கடன் 590,000-இல் 75 விழுக்காடு, அதாவது 442,500 வரைதான். அடிப்படை முத்திரைத் தீர்வை 620,000-க்குக் கணக்கிட்டு 13,200. இந்த 30,000 இல்லையென்றால், 21-ஆவது நாள் மாலை நான்கு மணிக்குள் ஆப்ஷனைச் செயல்படுத்தாமல் விடலாம், போவது ஆப்ஷன் தொகை மட்டும். செயல்படுத்திவிட்டு விழிப்பதுதான் ஆபத்து. ஏர்கானை விட்டுப் போகிறேன், மேல்வீட்டு ஒழுகலைச் சரிசெய்து தருகிறேன் என்ற வாய்மொழி வாக்குகளை நம்பி விலையை ஏற்றாதீர்கள்.

அந்த ஒழுகலைப் பற்றி: நாற்பது வயது வீட்டில் குளியலறைக் கூரையைப் பார்க்காமல் வராதீர்கள். மேல்வீட்டுத் தரையின் நீர்த்தடுப்புப் படலம் தேய்ந்தால் கீழே மஞ்சள் கறை, உப்புப் பூத்த வெள்ளைத் திட்டு, பிறகு கான்கிரீட் உப்பி உள்கம்பி தெரியும். கூரைக்கு மட்டும் புதிதாகச் சாயம் அடித்திருந்தால் சந்தேகியுங்கள், வீடு முழுக்கப் புதுச் சாயம் என்றால் அது இயல்பு. இப்படி ஒழுகினால் மேல்வீடு, கீழ்வீடு இருவருக்கும் பொறுப்பு உண்டு. வீவக பாதிச் செலவை ஏற்கும் உதவித் திட்டமும் இருக்கிறது. கதவு மாதிரித் திறக்கும் ஜன்னலில் அலுமினிய ரிவெட் (இணைப்பு ஆணி) இருந்தால் எவர்சில்வர் ரிவெட்டாக மாற்றியே ஆக வேண்டும், 2004 முதல் அது சட்டம். விழுந்தால் பொறுப்பு உங்களுடையது.

வாடகைக் கணக்கு போடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. அமெரிக்க ஊர்களில் ராணுவ முகாம் இருந்தால் வாடகைக்கு ஆள் வரிசையில் நிற்பார்கள். இங்கே தேசிய சேவையாளர் முகாமில் தூங்குவார், இல்லையென்றால் அம்மா வீட்டுக்குப் போவார். உங்கள் வீட்டை வாடகைக்கு எடுக்க மாட்டார். அதோடு ஐந்து வருடக் குறைந்தபட்சக் குடியிருப்புக் காலம் முடியாமல் முழு வீட்டை வாடகைக்கு விட முடியாது. நிரந்தரவாசி உரிமையாளருக்கு அதன் பிறகும் முடியாது.

மகனுக்கு டிரோன் வாங்கித் தருவதாக இருந்தால், விமானத் தளத்திலிருந்து ஐந்து கிலோமீட்டருக்குள் அதைப் பறக்கவிட அனுமதி வேண்டும். வேலியில் படம் எடுக்கக் கூடாது என்ற சிவப்புப் பலகை தொங்கினால், அது அலங்காரத்துக்கு இல்லை. தரை வீடு பார்ப்பவர்கள், நிரந்தரவாசி என்றால் நில ஆணையத்தின் ஒப்புதல் இல்லாமல் முன்பணம் தராதீர்கள். இன்னொரு மாடி எழுப்பும் எண்ணம் இருந்தால், தளத்துக்கான உயரக் கட்டுப்பாடு அந்த மனைக்கு எவ்வளவு என்று கட்டடக்கலைஞரை விசாரிக்கச் சொல்லி, பதிலை எழுத்தில் வாங்கிய பிறகே விலை பேசுங்கள்.