சூசான்லி: பழைய சீன நூல்களைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அக்குபங்சர் கற்கத் தொடங்குவோரின் குறிப்பேடுகளில், முழங்காலுக்குக் கீழே உள்ள சூசான்லி புள்ளிக்குரிய பக்கம் ஆண்டுதோறும் ஒரே விதமாகத்தான் பிழைபட்டிருக்கிறது. என் தலைமுறையும் அதற்கு விலக்கல்ல. புள்ளியைக் கண்டறியும் நான்கு விரற்கடையை நோயாளியின் விரலால் அளக்காமல் தம் விரலால் அளப்பதை எந்த ஆசிரியரும் முதல் வாரத்திலேயே திருத்திவிடுவார் என்பதால், அதை விட்டுவிடுகிறேன்.

"மஞ்சள் பேரரசரே எழுதினார்"

இல்லை. சீன மருத்துவத்தின் மூல நூலான ஹுவாங்தி நெய்ஜிங், மஞ்சள் பேரரசர் என்ற புராண கால அரசரின் பெயரைத் தாங்கிய தொகுப்பு. கீழே வரும் லிங்ஷூ அதன் ஒரு பகுதி.

நோய்ப் பட்டியலாகப் படிப்பது

எனக்கு இன்றும் எரிச்சலூட்டும் தவறு இது. மண்ணீரலிலும் இரைப்பையிலும் நோய்க்காரணம் புகுந்தால் நேர்வதை லிங்ஷூ நூலின் 20-ஆம் அத்தியாயம் சொல்கிறது: யாங் (வெப்பத் தன்மை) மிகுந்து யின் (குளிர்ச்சித் தன்மை) குறைந்தால் உள்ளே சூடும் அடிக்கடி பசியும் உண்டாகும், யாங் குறைந்து யின் மிகுந்தால் உள்ளே குளிரும், குடல் இரைச்சலும், வயிற்றுவலியும் உண்டாகும், இவை யாவற்றையும் சான்லியில், அதாவது சூசான்லியில், சீராக்க வேண்டும். நேர் எதிரான இரு நிலைகளுக்கு ஒரே இடம் சொல்லப்படுகிறதென்றால், வேறுபாடு சிகிச்சை செய்யும் முறையில்தான் இருக்க முடியும். வெறுமையை நிரப்பு, நிறைவை வெளியேற்று என்று அதே நூலின் முதல் அத்தியாயம் இதற்கு வழி சொல்லியிருக்கிறது.

என்னிடம் படித்த ஒருவர், பசி, சூடு, குளிர், இரைச்சல் எல்லாவற்றையும் ஒரே கட்டத்தில் எழுதி, எதிரே "மோக்ஸா" (மூலிகையை எரித்துப் புள்ளிக்குச் சூடு கொடுப்பது) என்று மட்டும் குறித்திருந்தார். வயிறு எரிகிறது என்று வந்த உறவுக்காரப் பெண்மணிக்கு அந்தக் கட்டத்தைப் பார்த்தே மோக்ஸா வைத்தார். அன்றிரவே எரிச்சல் கூடிவிட்டதென்று சொன்ன அந்த அம்மாள் பிறகு அவரிடம் வரவேயில்லை. "வயிறு என்றால் சான்லி என்றுதானே சார் பாட்டில் இருக்கிறது?" என்று அந்த மாணவர் என்னிடம் கேட்டார். மிங் அரச மரபுக் காலத் தொகுப்புகளில் உள்ள அந்த நான்கு புள்ளிப் பாட்டு, கற்றவர் நினைவில் வைத்துக்கொள்வதற்கு இயற்றப்பட்டது. நாடியும் நாக்கும் பார்க்காமல் ஊசியை எடுப்பதற்கு அது உரிமம் ஆகாது.

எல்லா நூல்களையும் ஒன்றாகக் குழைப்பது

முப்பது வயதைக் கடந்தவர் சான்லியில் மோக்ஸா வைத்துக்கொள்ளாவிட்டால் சீ (உடலில் ஓடும் உயிராற்றல்) மேலேறிக் கண் மங்கும் என்று வாங் தாவ் 752-இல் தொகுத்த நூல் கூறுகிறது. சான்லி சீயைக் கீழிறக்கும் என்று காரணத்தையும் அங்கேயே சொல்லிவிடுகிறது. வயதையும் காரணத்தையும் வெட்டிவிட்டு, "கண்ணுக்கு நல்லது" என்று சுவரில் ஒட்டுகிறார்கள். சீனாவின் வூ, ஷூ பகுதிகளுக்குப் பணி நிமித்தம் செல்வோர் உடலில் இரண்டு மூன்று இடங்களில் மோக்ஸாவால் தோலைப் புண்ணாக்கி, அந்தப் புண் ஆறாமல் காத்துக்கொள்ள வேண்டும் என்று 7-ஆம் நூற்றாண்டில் மருத்துவர் சுன் சிமியாவ் எழுதிய வரியில் சான்லியின் பெயரே இல்லை. அதையும் சான்லியின் கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள்.

புண்ணாக்கும் மோக்ஸா

இன்று வேண்டாம். சர்க்கரை நோயாளியின் காலில் வேண்டவே வேண்டாம்.