ஹைபிரிட் பிக்கப் உண்மையில் எவ்வளவு மைலேஜ் கொடுக்கிறது? பம்ப்பில் கணக்குப் போடும் முறை

ஃபோர்டின் மேவரிக் ஹைபிரிட் பிக்கப் (பெட்ரோல் இன்ஜினோடு மின் மோட்டாரும் இழுக்கும் வண்டி) வைத்திருப்பவரைப் பார்த்தால் எல்லோரும் முதலில் கேட்பது, "எவ்வளவு குடுக்குது?" என்பதைத்தான். 2022 மாடலில், புது வண்டியின் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் மைலேஜ் ஸ்டிக்கர் சொல்வது கேலனுக்கு சிட்டியில் 42 மைல், ஹைவேயில் 33, இரண்டும் கலந்தால் 37. நம்மூர்க் கணக்கில் 37 என்பது லிட்டருக்கு 15.7 கிலோமீட்டர். பிக்கப்புக்கு இது நல்ல எண். ஆனால் மிச்சிகனில் ஒருவரைக் கேட்டால் 44 என்பார், இன்னொருவர் 30கூடத் தேறவில்லை என்பார். இருவர் சொல்வதும் நிஜமாகவே இருக்கலாம். ஒருவர் நோவை ஊருக்குள்ளேயே ஆபீஸுக்கும் கடைக்கும் போய்வருகிறார். மற்றவர் ஜனவரிக் குளிரில் ஐ-96 ஹைவே பிடித்து 75 மைல் வேகத்துக்குக் குறையாமல் கிராண்ட் ராப்பிட்ஸ் போகிறார்.

அதனால் அடுத்தவர் எண்ணை விட்டுவிட்டு உங்கள் எண்ணைக் கண்டுபிடியுங்கள். தேவைப்படுவது டிரிப் மீட்டர், பெட்ரோல் ரசீது, ஒரு ஸ்ப்ரெட்ஷீட். மைலேஜ் ஆப்கள் நிறைய உண்டு, ஃபியூலி மாதிரி. எனக்கு ஸ்ப்ரெட்ஷீட்தான் வசதி, ஏன் என்பது படி 4-ல் புரியும். டேஷ்போர்டுக்கு அடியில் செருகி வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஓபிடி கருவி இந்த வேலைக்கு வெட்டிச் செலவு.

படி 1: டயர் காற்று

காலையில் வண்டியை எடுப்பதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். எவ்வளவு வேண்டும் என்பது டிரைவர் பக்கக் கதவின் ஓரத்தில் ஒட்டியிருக்கும். டயரின் பக்கவாட்டில் அச்சடித்திருப்பது உச்ச வரம்பு, அதைப் பார்த்து அடிக்காதீர்கள். வெளியே 10 டிகிரி ஃபாரன்ஹீட் குறைந்தால் டயரில் ஏறக்குறைய 1 பிஎஸ்ஐ குறையும். அக்டோபரில் சரியாக இருந்த காற்று டிசம்பரில் சரியாக இருக்காது.

படி 2: ஃபுல் டேங்க், டிரிப் மீட்டர் பூஜ்யம்

கேட்க எளிது, ஆனால் கணக்கு கெடுவதே இங்கேதான். "ஃபுல்" என்பது டேங்க்கில் ஒரு கோடு கிழித்து வைத்த அளவு அல்ல. பம்ப் நாசில் தானாக டக்கென்று நிற்கிற இடம்தான் ஃபுல். அது பம்ப்புக்குப் பம்ப் மாறும். வேகமாக ஊற்றினால் நுரை மேலே வந்து சீக்கிரம் நிற்கும், வண்டி சரிவில் நின்றாலும் மாறும். இந்த வித்தியாசம் 0.4 கேலன் என்று வையுங்கள். 12 கேலன் போட்டால் பிழை 3 சதவீதம், போகட்டும். 3 கேலன் மட்டும் போட்டு வகுத்தால் அதே 0.4 கேலன் 13 சதவீதப் பிழை! "எனக்கு 48 வந்துச்சு" என்கிற கதைகளில் பாதி இப்படிப் பிறந்தவை என்பது என் அனுமானம்.

எனவே முடிந்தவரை ஒரே பங்க், ஒரே பம்ப், வண்டி ஒரே திசையில். நாசில் கைப்பிடியின் கொக்கியை மெதுவான நிலையில் மாட்டிவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். முதல் 'டக்' சத்தத்தோடு நிறுத்த வேண்டும். இன்னும் கொஞ்சம் என்று அழுத்தி அழுத்தி ஊற்றினால் கணக்கு மட்டுமா கெடும்? பெட்ரோல் ஆவியைப் பிடித்து வைக்கும் கரி டப்பா ஒன்று வண்டியில் இருக்கிறது. அதற்குள் திரவமாகப் பெட்ரோல் போனால் பாழாகிவிடும், மாற்றச் செலவு ஆகும்.

நிரப்பியதும் டிரிப் மீட்டரைப் பூஜ்யமாக்குங்கள். டிரிப் 1-ஐ வீட்டில் மற்றவர்கள் அழுத்திவிடுவார்கள், டிரிப் 2-ஐ இதற்கென்றே ஒதுக்குவது நல்லது.

படி 3: ஓட்டுங்கள், திரும்ப நிரப்புங்கள்

கால் டேங்க்குக்குக் கீழே வரும்வரை வழக்கம்போல் ஓட்டுங்கள். "இன்னைக்கு டெஸ்ட்" என்று காலைத் தூக்கி ஓட்டினால் அது உங்கள் மைலேஜ் ஆகாது. இந்த வண்டியின் டேங்க் 13.8 கேலன், அதனால் ஒவ்வொரு தடவையும் 10 கேலனுக்கு மேல் போட முடியும். ரசீதில் கேலன் மூன்று தசமம் வரை இருக்கும், அப்படியே எழுதுங்கள். மைலைக் கேலனால் வகுத்தால் அந்த டேங்க்கின் கணக்கு வந்துவிடும்.

டேஷ்போர்டு காட்டும் சராசரியை எடுத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். எந்தக் கம்பெனி வண்டியானாலும் அது கம்ப்யூட்டரின் மதிப்பீடு. இன்ஜெக்டர் எவ்வளவு நேரம் திறந்திருந்தது என்பதை வைத்துக் கணக்கிடுகிறது. பம்ப்போ நீங்கள் காசு கொடுத்த பெட்ரோலை அளக்கிறது. நான் பம்ப் கட்சி.

படி 4: சராசரி எடுக்கும்போது உஷார்

இரண்டு டேங்க் ஓட்டியாயிற்று என்று வைத்துக்கொள்வோம். முதலாவது ஊருக்குள்: 120 மைல், 2.7 கேலன், 44.4 வருகிறது. (சின்ன ஃபில்தான், உதாரணத்துக்காக விட்டுவிடுங்கள்.) இரண்டாவது ஹைவே: 400 மைல், 12.1 கேலன், 33.1. இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் 38.8, ஸ்டிக்கரையே தாண்டிவிட்டது.

ஆனால் அது தப்பு. மொத்தம் ஓடியது 520 மைல், மொத்தம் குடித்தது 14.8 கேலன். வகுத்தால் 35.1. ஒவ்வொரு டேங்க்கின் மைலேஜையும் கூட்டி வகுத்தால், சின்ன சிட்டி டேங்க்குக்கும் பெரிய ஹைவே டேங்க்குக்கும் சம மதிப்பு கொடுத்ததாகிவிடும். சிட்டி மைலேஜும் ஹைவே மைலேஜும் நெருக்கமாக இருக்கும் வண்டியில் இந்தத் தப்பு சின்னதாகப் போய்விடும். ஹைபிரிட் பிக்கப்பில் பத்து மைல் இடைவெளி சாதாரணம், அதனால் பல்லிளித்துவிடும். எப்போதும் மொத்த மைல், மொத்த கேலன், பிறகுதான் வகுத்தல். ஸ்டிக்கரில் இருக்கும் 37-கூட 55 சதவீத சிட்டி, 45 சதவீத ஹைவே என்று வைத்து, மைலுக்கு எவ்வளவு பெட்ரோல் என்ற கணக்கில் கலந்ததுதான். ஸ்ப்ரெட்ஷீட்டை நான் விடாததற்குக் காரணம், சிட்டி, ஹைவே, குளிர், லோடு என்று எனக்கு வேண்டிய மாதிரி பிரித்துக் கூட்ட முடிகிறது.

ஊருக்குள் ஏன் அதிகம்? சிக்னலில் இன்ஜின் அணைந்துவிடும், மெதுவாக ஊரும்போது மோட்டார் இழுக்கும், பிரேக் அழுத்தும்போது வீணாகும் சக்தியில் ஒரு பங்கு பின்சீட்டுக்கு அடியில் உள்ள 1.1 கிலோவாட்-அவர் பேட்டரிக்குத் திரும்பும். ஹைவேயில் பிரேக்கே இல்லை, திரும்ப எதுவும் வராது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறும், பிக்கப்பின் முகமோ சுவர் மாதிரி. 65-க்கும் 75-க்கும் நடுவே தெரியும் வித்தியாசத்தை எந்தச் சேர்மானமும் ஈடுகட்டாது.

படி 5: குளிர்காலத்துக்குத் தனி வரிசை

20 டிகிரி ஃபாரன்ஹீட்டில், அதாவது மைனஸ் 7 செல்சியஸில், ஊருக்குள் ஓட்டும்போது, 77 டிகிரியோடு ஒப்பிட்டால் சாதா பெட்ரோல் காருக்கு 15 சதவீதம் குறையும், ஹைபிரிட்டுக்கு 30 முதல் 34 சதவீதம் வரை குறையலாம் என்கிறது அமெரிக்க அரசின் எரிபொருள் தளம். உள்ளே சூடு வேண்டுமென்றால் இன்ஜின் ஓட வேண்டும், சிக்னலில் அணைய வேண்டிய இன்ஜினும் அணையாது. சீட் ஹீட்டர் இருந்தால் அதைப் போட்டுக்கொண்டு ஹீட்டரைக் குறைத்துப் பாருங்கள். ஜனவரி எண்ணையும் ஜூன் எண்ணையும் ஒரே வரிசையில் போட்டால் வண்டிக்கு ஏதோ கோளாறு என்று பயப்படுவீர்கள்.

பிற்சேர்க்கை: கேள்விகளில் வந்தவை

பெரிய டயர் மாட்டிய பிறகு மைலேஜ் விழுந்துவிட்டது என்று ஒருவர். பாதி உண்மை. 225/65ஆர்17 அளவு டயர் இருந்த இடத்தில் 235/65ஆர்17 போட்டால் டயர் விட்டம் 1.8 சதவீதம் கூடும், ஓடோமீட்டர் அந்த அளவு குறைத்துக் காட்டும். 300 என்று காட்டினால் ஓடியது 305. சரிபார்க்க ஹைவே மைல் பலகைகள் போதும்: ஐ-96-ல் ஹோவெல் அருகே 140-ஆம் பலகையில் டிரிப் மீட்டரைப் பூஜ்யமாக்கி, ஓகிமாஸ் பக்கம் 110-ல் பாருங்கள், 30 வர வேண்டும். வித்தியாசத்தைத் திருத்திய பிறகும் குறைந்தால் அது டயரின் எடையும் உருளும் எதிர்ப்பும்.

மலிவாக இருக்கிறதே, ஈ15 (15 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்) போடலாமா என்று இன்னொருவர். எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு, அதனால் ஈ10-ஐவிடக் கொஞ்சம் குறையும். விலையையும் மைலையும் சேர்த்துக் கணக்குப் போட்டு முடிவு செய்யுங்கள். அதற்கும் ஸ்ப்ரெட்ஷீட்டில் தனி வரிசை போடுங்கள்.

டிரெய்லர் இழுத்த டேங்க்கை மொத்தத்தில் சேர்க்கலாமா? நான் சேர்ப்பேன், ஆனால் குறிப்போடு. 2022 ஹைபிரிட் 2,000 பவுண்டு வரை இழுக்கும், இழுக்கிற அன்று 33-ஐ எதிர்பார்க்க வேண்டாம். 2025 மாடலில் ஆல் வீல் டிரைவ் ஹைபிரிட்டும் வந்திருக்கிறது, 4,000 பவுண்டு இழுக்கும் பேக்கேஜும் உண்டு. அந்த வண்டியின் ஸ்டிக்கர் எண்களே வேறு, பழைய 42/33-ஐ வைத்து ஒப்பிடாதீர்கள்.