மங்கோல் ராலிக்கு நண்பர்கள் அணி சேர்ப்பது எப்படி

மங்கோல் ராலி ஒரு பந்தயம் அன்று. அதில் நேரம் குறிப்பவர் இல்லை, பரிசு இல்லை, வகுத்துக் கொடுத்த பாதை இல்லை, பின்தொடர்ந்து வந்து பழுது நீக்கித் தரும் வண்டியும் இல்லை. 2004ஆம் ஆண்டு ஆறு கார்களுடன் தொடங்கிய இந்தப் பயணத்தில் நான்கு கார்களே இலக்கை எட்டின; மறு ஆண்டு புறப்பட்ட 43 கார்களில் 18 மட்டுமே போய்ச் சேர்ந்தன. ஆயிரம் சி.சி.க்கு மேற்படாத எஞ்சின் கொண்ட சிறு காரில், ஐரோப்பாவிலிருந்து கிழக்கே மங்கோலியாவின் திசையில் ஏறத்தாழ 10,000 மைல், அதாவது 16,000 கிலோமீட்டர் ஓட்டிச் செல்ல வேண்டும். அத்துடன் ஒவ்வோர் அணியும் அறப்பணிக்கென்று குறைந்தது 1,000 பவுண்டு திரட்ட வேண்டும். அதில் பாதி மழைக்காடுகளைக் காக்கும் கூல் எர்த் அமைப்புக்கும், மறுபாதி அணியினர் தாமே தெரிவு செய்யும் தொண்டு நிறுவனத்துக்கும் போகும் என்பதே நெடுநாள் வழக்கம். விதிகள் அவ்வப்போது திருத்தப்படுவதால், பணம் கட்டும் முன் அந்த ஆண்டின் விதிகளை அணியில் உள்ள அனைவரும் முழுமையாகப் படித்துவிட வேண்டும். ஒருவர் படித்து மற்றவர்களுக்குச் சொல்லுவது போதாது.

பிரிட்டனில் வாழும் தமிழ் நண்பர்கள் சிலர் இப்பயணத்துக்குப் புறப்பட எண்ணினால், அவர்கள் முதலில் தேடுவது காரைத்தான். வரிசை அங்கேயே பிசகிவிடுகிறது. கார் கடைசியில் வாங்க வேண்டியது. யார் யார் போகிறார்கள், எத்தனை நாள் போகிறார்கள், எவருடைய கடவுச்சீட்டு எந்த எல்லையைத் தாண்டும் என்பவை முடிவான பிறகுதான், எந்தக் கார் என்ற கேள்விக்கே பொருள் உண்டு.

எண்ணிக்கையைப் பொறுத்தவரை ஒரு காருக்கு மூவர் என்பதே என் கருத்து. ஒருவர் ஓட்டுவார், ஒருவர் வழி பார்ப்பார், ஒருவர் பின்னிருக்கையில் உறங்கலாம். இருவர் மட்டும் சென்றால் ஒருவர் வயிற்றுப்போக்கில் படுத்ததும் மற்றவர் தொடர்ந்து இரண்டு நாள் ஓட்ட நேரிடும். நால்வர் ஏறினால் கூடாரம், மாற்று டயர், தண்ணீர், பெட்ரோல் கேன் ஆகியவற்றுடன் ஒரு லிட்டர் எஞ்சின் மலையேற்றத்தில் திணறும், பின்பக்கச் சஸ்பென்ஷன் முதலில் உடையும். மூவராக இருப்பதில் இன்னொரு நன்மையும் உண்டு: எந்தச் சண்டையிலும் இரண்டுக்கு ஒன்று என்று முடிவு கிடைக்கும். ஆறு பேர் சேர விரும்பினால் இரண்டு கார்களாகப் பிரிந்து ஒன்றையொன்று கண்ணுக்கெட்டும் தூரத்தில் ஓட்டிச் செல்லலாம். ஒன்று நின்றுபோனால் மற்றொன்று கயிறு கட்டி இழுக்கும்.

யாரைச் சேர்ப்பது என்பதுதான் கடினமான கேள்வி. மிக நெருங்கிய நண்பரே மிகச் சிறந்த பயணத் துணை ஆவார் என்று கொள்ள முடியாது. பசித்தால் கோபம் வருபவரா, தாமதத்தைப் பொறுப்பவரா, தன் தவற்றை ஒப்புக்கொள்பவரா, சிறு செலவைக்கூட எழுதி வைப்பவரா என்பவற்றைப் பாருங்கள். கார் பழுது பார்க்கத் தெரிந்தவர் ஒருவர் இருந்தால் நல்லது. ஆனால் மத்திய ஆசியாவின் சிற்றூர்களில் மெக்கானிக் கிடைப்பார், பொறுமை கடையில் கிடைக்காது. ரஷ்ய மொழியின் எழுத்துகளைப் படிக்கவும் எண்களைச் சொல்லவும் ஒருவராவது ஆறு மாதத்துக்கு முன்பே பழகத் தொடங்க வேண்டும். அந்த வட்டாரத்தில் ஆங்கிலத்தைவிட அது பலமடங்கு உதவும்.

கடவுச்சீட்டை முதல் கூட்டத்திலேயே மேசைமேல் வைத்துப் பேசுங்கள். இலண்டன் தமிழ் நண்பர் குழுவொன்றில் ஒருவரிடம் பிரிட்டிஷ் கடவுச்சீட்டும், இன்னொருவரிடம் இந்தியக் கடவுச்சீட்டும், மூன்றாமவரிடம் இலங்கைக் கடவுச்சீட்டும் இருப்பது அரிதன்று. பிரிட்டிஷ் கடவுச்சீட்டு உடையவர் 2019 முதல் உஸ்பெகிஸ்தானுக்குள் 30 நாள் விசா இன்றியே நுழையலாம். மற்றவர்களுக்கு, ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவிலிருந்தே விண்ணப்பப் படலம் தொடங்கிவிடும். எல்லாருக்கும் எளிதான பாதை என்று ஒன்று இருப்பதாக எண்ணாமல், விசா பெறுவது யாருக்கு மிகக் கடினமோ அவருடைய நாட்காட்டியை வைத்தே பாதையையும் புறப்படும் நாளையும் வகுக்க வேண்டும். பிரிட்டனில் தற்காலிக வதிவிட உரிமையில் இருப்பவர், எத்தனை நாள் வெளிநாட்டில் தங்கினால் பிற்கால நிரந்தர உரிமைக்குக் குந்தகம் வரும் என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். இதைப் பேசக் கூச்சப்பட்டு விட்டுவிட்டால், பயணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது ஒருவர் விலக நேரிடும்.

பாதையைப் பற்றி இன்றைய நிலையில் நேர்மையாகச் சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. இந்த ராலி முதலில் மங்கோலியத் தலைநகர் உலான்பாட்டரிலும், பின்னர் ரஷ்யாவின் உலான் உதே நகரிலும் முடிந்தது. வரைபடத்தைப் பாருங்கள்: கசகஸ்தானுக்கும் மங்கோலியாவுக்கும் பொது எல்லையே கிடையாது, இடையில் ரஷ்யாவும் சீனாவும் சந்திக்கும் சிறு மலைப்பகுதி குறுக்கிடுகிறது. ஆகவே ரஷ்யாவைத் தவிர்த்தால், சீனாவுக்குள் நுழையாமல் காரில் மங்கோலியாவை அடைய முடியாது. மேற்கே காஸ்பியன் கடலருகிலும் இதே சிக்கல்தான். வடக்கே ரஷ்யா, தெற்கே ஈரான், நடுவில் அசர்பைஜான். ரஷ்யாவுக்கும் ஈரானுக்கும் செல்ல வேண்டாம் என்று பிரிட்டிஷ் வெளியுறவு அலுவலகம் அறிவுறுத்தி வந்துள்ளது. அந்த அறிவுரையை மீறினால் பெரும்பாலான பயணக் காப்பீடுகள் செல்லாமல் போகும். அசர்பைஜானோ 2020 மார்ச்சில் தன் தரைவழி எல்லைகளைப் பயணிகளுக்கு மூடி, அந்தத் தடையை மீண்டும் மீண்டும் நீட்டித்து வந்திருக்கிறது. இந்த மூன்று கதவுகளில் எது திறந்திருக்கிறது, எதன் வழியாகப் போக அணியினர் அனைவரும் மனமொப்புகிறார்கள் என்பதைப் புறப்படும் ஆண்டில் புதிதாக விசாரித்து முடிவெடுக்க வேண்டும். ஒருவர் துணிந்தும் மற்றவர் அஞ்சியும் நின்றால், அஞ்சுபவரின் சொல்லே நிற்க வேண்டும் என்று முன்பே உடன்பட்டுக்கொள்ளுங்கள். 2010ஆம் ஆண்டு ஈரானில் நடந்த சாலை விபத்தில் இந்த ராலியில் சென்ற ஒருவர் உயிரிழந்திருக்கிறார் என்பதையும் வீட்டாரிடம் மறைக்காமல் சொல்லிவிடுவது நல்லது.

இவையெல்லாம் பேசி முடித்தபின் ஒரு தாளில் உடன்பாடு எழுதிக் கையெழுத்திடுங்கள். நண்பர்களுக்குள் தாள் எதற்கு என்று ஒருவர் சிரிப்பார். அவரையே எழுதச் சொல்லுங்கள். விடுப்பு எந்த நாள் முதல் எந்த நாள் வரை, ஒருவரின் செலவுக்கு உச்சவரம்பு எவ்வளவு, கார் பழுதானால் எத்தனை பவுண்டு வரை செலவழித்துப் பார்ப்பது, அதற்கு மேல் போனால் காரைக் கைவிடுவதா, பாதியில் விலகுபவருக்குப் பங்குத் தொகை திரும்புமா, இருட்டிய பின் ஓட்டுவதில்லை என்பது விதியா விருப்பமா என்று எல்லாம் அதில் இருக்கட்டும். ஓட்டும் நாளில் ஒரு சொட்டு மதுவும் கூடாது என்பதைப் பேச்சுக்கே இடமின்றி எழுதுங்கள்.

பணத்தை இரண்டு பானைகளாகப் பிரிக்க வேண்டும். இரண்டும் ஒருநாளும் கலக்கக் கூடாது. ஒன்று பயணச் செலவு: கார், விசா, பெட்ரோல், காப்பீடு, திரும்பும் விமானச் சீட்டு. இதற்கு மூவரும் சீட்டுக் கட்டுவது போல மாதந்தோறும் ஒரே தொகையைப் பொதுக்கணக்கில் போட்டு வரலாம். மற்றொன்று அறப்பணிக்கான பணம். அதை உங்கள் வங்கிக் கணக்கில் வாங்கவே வேண்டாம். ஜஸ்ட்கிவிங் போன்ற தளத்தில் தொண்டு நிறுவனத்தின் பெயரில் பக்கம் திறந்தால் கொடையாளரின் பணம் நேரே நிறுவனத்துக்குப் போய்விடும். கொடையாளர் பிரிட்டனில் வருமான வரி செலுத்துபவராக இருந்தால், கிஃப்ட் எய்ட் முறையில் ஒவ்வொரு பவுண்டுக்கும் அரசு 25 பென்ஸ் கூட்டித் தரும். கொடைப்பணத்தில் ஒரு பகுதி உங்கள் பயணச் செலவுக்குப் போனால் அந்தச் சலுகைக்கே சிக்கல் வரும். அதைவிட முக்கியமாக, ஊரார் கொடுத்த காசில் இவர்கள் சுற்றுலா போனார்கள் என்ற பேச்சு ஒருமுறை எழுந்தால் பிறகு அதை அடக்க முடியாது. ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பார்கள். இங்கே அளந்ததை எல்லாரும் பார்க்கும்படி போட வேண்டும்.

தொண்டு நிறுவனத்தைத் தெரிவு செய்யும்போது அதன் பதிவெண்ணை அறக்கட்டளை ஆணையத்தின் பதிவேட்டில் சரிபாருங்கள். தாயகத்தில் ஒரு பள்ளிக்கோ மருத்துவமனைக்கோ உதவ விரும்பினால், பிரிட்டனில் பதிவு பெற்று அங்கே பணி செய்யும் நிறுவனத்தின் வழியாகச் செய்வதே பாதுகாப்பானது. ஈஸ்ட் ஹாம், டூட்டிங், ஹாரோ பகுதிகளின் தமிழ்க் கடைகளில், கார் கதவில் கடையின் பெயரை ஒட்டிக்கொள்கிறோம் என்று சொல்லி ஆதரவு கேட்கலாம். அது விளம்பரத்துக்கான தொகை என்பதால் முதல் பானையில் சேரும் என்று கடைக்காரரிடம் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். கோயில் வாசலிலோ கடைத்தெருவிலோ உண்டியல் குலுக்குவதென்றால் அதற்கு முறைகள் உண்டு: தனியார் இடமானால் நிர்வாகத்தின் அனுமதி, தெருவானால் இலண்டனின் பெரும்பகுதியில் பெருநகரக் காவல்துறையின் உரிமம், மற்ற ஊர்களில் உள்ளூராட்சியின் உரிமம்.

இனி கார். நிசான் மைக்ரா, ஃபியட் பாண்டா போன்ற எளிய கார்களே ஏற்றவை. மின்னணுப் பொறிகள் குறைவாகவும் உதிரிபாகங்கள் மலிவாகவும் இருக்க வேண்டும். வாங்கிய காரைப் புறப்படும்வரை இலண்டனில் நிறுத்திவைப்பதானால் மாசுக் கட்டண விதியையும் கவனியுங்கள். 2023 ஆகஸ்ட் 29 முதல் அது நகரின் எல்லா வட்டாரங்களுக்கும் பொருந்துகிறது. தகுதி பெறாத பழைய காரை ஓட்டும் ஒவ்வொரு நாளுக்கும் 12.50 பவுண்டு கட்டணம் என்பதால், ஒத்திகை ஓட்டங்களே காரின் விலையைத் தின்றுவிடும். எண்ணெய்த் தொட்டியைக் கல் தாக்காமல் காக்கும் இரும்புத் தகடும், இரண்டு மாற்று டயர்களும் கட்டாயம் வேண்டும். கூரைமேல் சுமையைக் குவிப்பதே பலர் செய்யும் பிழை. எடை மேலே ஏற ஏற வளைவுகளில் கார் சாயும், பெட்ரோலும் கூடுதலாகக் குடிக்கும்.

காரை யார் பெயரில் பதிவு செய்வது என்பது சிறு விஷயமாகத் தோன்றும். துருக்கி உள்ளிட்ட சில நாடுகளில் நுழையும்போது கார் அதைக் கொண்டுவந்தவரின் பெயரோடு பதிவாகிவிடும். காரை விட்டுவிட்டு அவர் மட்டும் நாட்டைவிட்டு வெளியேற முடியாது. தந்தைக்கு உடல்நிலை சரியில்லை என்று திடீரெனத் திரும்ப வேண்டியவர் அந்த மனிதராக இருந்தால் என்ன நேரும் என்று எண்ணிப் பாருங்கள். ஆகவே வீட்டுப் பொறுப்பு குறைவாக உள்ளவர் பெயரில் பதிவு செய்து, மற்றவர்களும் ஓட்டலாம் என்று நோட்டரி உறுதி செய்த கடிதங்களை ரஷ்ய மொழிபெயர்ப்புடன் எடுத்துச் செல்லுங்கள். பதிவுச் சான்றின் மூலப்பிரதி கையில் இருக்க வேண்டும், நகல் உதவாது. பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி பிரிட்டனில் ஒன்றுக்கு 5.50 பவுண்டு. 1949 பன்னாட்டுச் சாலைப் போக்குவரத்து ஒப்பந்தத்தின்படியான அனுமதி ஓராண்டும் 1968 ஒப்பந்தத்தின்படியானது மூன்றாண்டும் செல்லும். எந்த நாடு எதைக் கேட்கிறது என்று பார்த்து இரண்டையுமே வாங்குவது உத்தமம். காப்பீட்டில் துருக்கிக்குப் பச்சை அட்டை, அதாவது உங்கள் கார்க் காப்பீடு அங்கும் செல்லும் என்று காட்டும் சான்று, வேண்டும். ஜார்ஜியாவில் வெளிநாட்டு வண்டிகளுக்கு 2018 முதல் உள்ளூர்க் காப்பீடு கட்டாயம்.

புறப்படுவதற்குக் குறைந்தது மூன்று மாதம் முன்பு, அதே காரில், அதே மூவரும், அதே சுமையுடன் இலண்டனிலிருந்து ஸ்காட்லாந்தின் வடகோடிக்கு நான்கு நாள் போய்வாருங்கள். விடுதியில் தங்காமல் கூடாரத்தில் உறங்குங்கள். ஸ்காட்லாந்தின் பெயலக் நா பா கணவாய் 626 மீட்டர்தான்; தஜிகிஸ்தானின் பாமிர் நெடுஞ்சாலையில் உள்ள அக் பைதால் கணவாய் 4,655 மீட்டர். அந்த உயரத்தில் காற்று மெலிந்து எஞ்சின் தன் வலுவில் பெரும்பகுதியை இழக்கும், ஆட்களுக்குத் தலைவலியும் மூச்சுத் திணறலும் வரும். ஸ்காட்லாந்து அதற்கு ஈடாகாதுதான். ஆனால் மழையில் நனைந்த கூடாரத்தை மூவர் மடிக்கும்போது யார் எப்படிப் பேசுகிறார்கள் என்பதை அது காட்டிவிடும். இங்கே ஒருவரை ஒருவர் தாங்க முடியவில்லை என்றால் தயங்காமல் அணியை மாற்றுங்கள். கட்டிய நுழைவுப் பணம் போனாலும் நட்பு மிஞ்சும்.

வலப்பக்கம் ஓட்டும் நாடுகளில் பிரிட்டிஷ் காரின் ஓட்டுநருக்கு முன்செல்லும் லாரிக்கு அப்பால் எதுவும் தெரியாது. பக்கத்து இருக்கையில் இருப்பவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். “போகலாம்”, “வேண்டாம்” என்ற இரண்டே சொற்களைப் பழகுங்கள். “வேண்டாம் என்று நினைக்கிறேன்” போன்ற வாக்கியம் முடிவதற்குள் எதிரே வண்டி வந்துவிடும்.

பயணம் முடிந்தவுடன் காரை அங்கேயே போட்டுவிட்டு வரலாம் என்று நினைக்காதீர்கள். பெரும்பாலான நாடுகளில் அதற்கு இறக்குமதி வரி, இல்லையேல் அபராதம். விற்பதா, கப்பலில் அனுப்புவதா, உடைத்து இரும்பாக்குவதா என்பதை அமைப்பாளர்களிடம் கேட்டுப் புறப்படும் முன்பே முடிவு செய்து, அதற்கான தொகையை முதல் பானையில் ஒதுக்கி வையுங்கள். காரை நிரந்தரமாக வெளிநாட்டில் விட்டால், பதிவுச் சான்றில் அதற்கென உள்ள பகுதியை நிரப்பிப் பிரிட்டிஷ் வாகனப் பதிவு அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். பொதுக்கணக்கில் மிஞ்சியதைப் பங்கிட்டு, இரண்டாம் பானைக்கு வந்த தொகையையும் தொண்டு நிறுவனம் தந்த பற்றுச்சீட்டையும் கொடுத்தவர்கள் அனைவருக்கும் ஒரு மாதத்துக்குள் அனுப்பிவையுங்கள்.