புத்தாண்டில் தொடங்கும் வேதவாசிப்பு லேவியராகமத்தில் நின்றுபோகாமல் இருக்க

டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிந்து வெளியே வரும்போது பாதிப் பேர் மனதில் ஒரே தீர்மானம்தான் இருக்கும்: "இந்த வருஷம் வேதத்தை முழுசா வாசிச்சு முடிச்சிடணும்." நல்ல தீர்மானம். ஆனால் பொங்கல் லீவில் அது ஆட்டம் காணும், பிப்ரவரி பிறப்பதற்குள், பெரும்பாலும் வேதத்தின் மூன்றாவது புத்தகமான லேவியராகமத்தில், ஓசையில்லாமல் நின்றுவிடும். அப்புறம் அடுத்த டிசம்பர்வரை அதைப்பற்றிப் பேச்சே இருக்காது.

எனக்குச் சரிப்பட்டு வந்த முறையை இங்கே படிப்படியாக எழுதுகிறேன். ஜெபம் பண்ணுவது எப்படி, வேதத்தில் எந்தப் புத்தகம் எங்கே இருக்கிறது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன். தெரியாவிட்டால் ஞாயிறு பள்ளிக்குப் போகிற பிள்ளை யாரையாவது கேளுங்கள், நம்மைவிட நன்றாகச் சொல்லும்.

படி 1: பழைய கணக்கை முடியுங்கள்

வாசிப்பு அட்டவணையைத் தேடுவதற்கு முன்னால் ஒரு நாள் மாலை ஒரு நோட்டுடன் உட்காருங்கள். சங்கீதம் 139-ன் கடைசி இரண்டு வசனங்களை ஜெபமாகச் சொல்லுங்கள். "தேவனே, என்னை ஆராய்ந்து, என் இருதயத்தை அறிந்துகொள்ளும்" என்று தொடங்குகிற பகுதி அது. பிறகு மனதில் வருகிற பெயர்களை எழுதுங்கள். முதலில் பாவங்களை அல்ல, ஆட்களின் பெயர்களை. யாரோடு பேச்சுவார்த்தை இல்லை, யாரிடம் வாங்கிய கைமாற்று திரும்பவில்லை, யாருடைய போனை வேண்டுமென்றே எடுக்கவில்லை.

பாவ அறிக்கையைப் பொதுப்படையாகச் செய்துவிட்டு எழுந்துபோவது சுலபம். பெயர் எழுதிய பிறகு அது அவ்வளவு சுலபமில்லை. காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகு என்று மத்தேயு 5:23, 24 சொல்வது இதைத்தான். புத்தாண்டுத் திருவிருந்துக்கு முன் அந்தப் பட்டியலில் ஒருவருக்காவது போன் செய்துவிடுங்கள். வாட்ஸ்அப்பில் "ஹேப்பி நியூ இயர்" அனுப்புவது கணக்கில் வராது.

படி 2: வாக்குத்தத்த வசனத்தை அதன் அதிகாரத்தோடு வாசியுங்கள்

நம் சபைகளில் புத்தாண்டு என்றால் வாக்குத்தத்த அட்டை, அந்த வருஷத்துக்கென்று ஒரு வசனம் அச்சிட்ட அட்டை. சபைக்கு ஒன்று அறிவிப்பார்கள், வீட்டில் ஆளுக்கு ஒன்று எடுப்போம், பீரோ கதவில் ஒட்டிவைப்போம். இதைக் கேலி செய்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் அந்தக் கட்சி இல்லை. மொரேவியச் சபை என்கிற புராட்டஸ்டண்ட் பிரிவினர் ஹெர்ன்ஹூட் என்ற ஜெர்மானிய ஊரில் 1728-லேயே நாளுக்கு ஒரு வசனம் என்று தொடங்கினார்கள். 1731-லிருந்து அதை ஆண்டுதோறும் புத்தகமாகவே அச்சிட்டு வருகிறார்கள். ஒரு வசனத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நடப்பது பழைய, நல்ல பழக்கம்.

அட்டையில் இருப்பது ஒரே ஒரு வசனம் என்பதுதான் சிக்கல். எரேமியா 29:11-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்று எத்தனை வீட்டுச் சுவரில் பார்த்திருப்போம்! அது பாபிலோனுக்குச் சிறையாகக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எரேமியா எழுதி அனுப்பிய கடிதத்தில் வருகிறது. அதற்கு முந்திய வசனம் எழுபது வருஷம் என்கிறது. ஐந்தாம் வசனம் வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள் என்கிறது. ஏழாம் வசனம் நீங்கள் சிறைப்பட்டுப்போன அந்தப் பட்டணத்தின் சமாதானத்தையே தேடி, அதற்காக ஜெபம் பண்ணச் சொல்கிறது. முந்திய 28-ஆம் அதிகாரத்துக்குப் போனால், இரண்டே வருஷத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று சொன்ன அனனியாவைப் பார்க்கலாம். ஜனங்கள் கேட்க விரும்பியது அனனியா சொன்னதைத்தான். கர்த்தர் சொன்னதோ எழுபது.

இதைத் தெரிந்துகொண்டு அந்த வாக்குத்தத்தத்தைப் பிடித்தால், மார்ச் மாதத்திலேயே வேலை கிடைக்கவில்லை என்று அட்டையைக் கிழித்துப்போட மாட்டீர்கள். செய்ய வேண்டியது இவ்வளவுதான்: ஜனவரி முதல் வாரத்திலேயே உங்கள் வசனம் இருக்கிற அதிகாரத்தையும், அதற்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு அதிகாரத்தையும் வாசியுங்கள். யாரிடம் சொல்லப்பட்டது, எந்த நிலைமையில் சொல்லப்பட்டது என்று இரண்டு வரி எழுதி அட்டையின் பின்பக்கம் ஒட்டுங்கள்.

படி 3: எவ்வளவு வாசிப்பது

புராட்டஸ்டண்ட் வேதாகமத்தில் 66 புத்தகங்கள், 1189 அதிகாரங்கள். பழைய ஏற்பாடு 929, புதிய ஏற்பாடு 260. திங்கள் முதல் சனி வரை நாளுக்கு மூன்று, ஞாயிறு ஐந்து என்றால் வாரத்துக்கு 23. 52 வாரத்தில் 1196, அதாவது முடித்துவிட்டு ஏழு அதிகாரம் மிச்சம். பாட்டி காலத்திலிருந்து நடக்கிற கணக்கு இது.

ஆனால் முதல்முறை வாசிக்கிறவர்களுக்கு நான் இதைச் சொல்வதில்லை. புதிய ஏற்பாட்டின் 260 அதிகாரங்களை 52 வாரத்தால் வகுத்துப் பாருங்கள், மிச்சமில்லாமல் ஐந்து வரும். வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு ஒரே ஒரு அதிகாரம், சனி ஞாயிறு விடுதலை. விட்டுப்போனதை அந்த இரண்டு நாளில் பிடித்துக்கொள்ளலாம். ஒரு வருஷம் இப்படி முடித்துவிட்டு அடுத்த வருஷம் முழு வேதத்துக்கு வாருங்கள். "என்ன பிரதர், ஒரு அதிகாரம்தானா?" என்று கேட்பவர்கள் கேட்கட்டும்.

ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் போதகராக இருந்த ராபர்ட் மர்ரே மெக்செய்ன் 1842 இறுதியில் தன் சபைக்காக ஒரு அட்டவணை போட்டார். நாளுக்கு நான்கு அதிகாரம் போல வரும். வருஷத்தில் பழைய ஏற்பாடு ஒரு தரம், புதிய ஏற்பாடும் சங்கீதமும் இரண்டு தரம் முடியும். இன்றும் இணையத்தில் கிடைக்கிறது, மிக நல்ல அட்டவணை. எனக்கு அதைவிடப் பிடித்தது அதோடு அவர் எழுதிய எச்சரிக்கைதான். இது வெறும் சடங்காகிவிடலாம், வாசித்து முடித்தேன் என்ற பெருமை வரலாம், கவனமில்லாமல் ஓட்டலாம், சுமக்க முடியாத நுகமாகலாம் என்று அட்டவணை போட்டவரே சொல்லிவிட்டார். அடுத்த மார்ச்சில், 29 வயதில் இறந்துபோனார். அவருடைய சபையார் சுமந்த அளவை முதல் வருஷமே நாமும் சுமக்க வேண்டியதில்லை.

படி 4: சாமான்கள்

அச்சடித்த வேதாகமம், பென்சில், நாற்பது பக்க நோட்டு. போதும். பேனா வேண்டாம், மெல்லிய தாளில் பின்பக்கம் ஊறிவிடும். எழுத்து பெரிதாக இருக்கிற பதிப்பாகப் பாருங்கள். கையடக்கப் பதிப்பை வாங்கிவிட்டு மூன்றாம் நாளே கண் வலிக்கிறது என்பார்கள்.

மொபைல் ஆப் பற்றி என் கருத்து கொஞ்சம் கடுமையானது. யூவெர்ஷன் போன்றவற்றில் வசதிகள் ஏராளம், ஒலி வடிவில் கேட்க நான் அதைத்தான் பயன்படுத்துகிறேன். ஆனால் காலை தியானத்துக்கு வேண்டாம். இத்தனை நாள் தொடர்ச்சி என்று அது காட்டுகிற எண்ணைக் காப்பாற்றுவதற்காகவே வாசிக்கத் தொடங்கிவிடுவோம். நடுவில் குடும்ப குரூப்பில் ஒரு குட்மார்னிங் படம் வந்து விழும். வேறு வழியில்லை என்றால் ஏரோபிளேன் மோடில் போட்டுவிட்டுத் திறங்கள்.

படி 5: லேவியராகமம்

முழு வேதத்தையும் தொடங்கியவர்களுக்குத்தான் இது. ஆதியாகமம் 50, யாத்திராகமம் 40. வாரம் 23 என்று போனால் ஜனவரி 28 வாக்கில் லேவியராகமம் வாசலில் நிற்பீர்கள். ஏற்கெனவே யாத்திராகமம் 25-லிருந்து ஆசரிப்புக்கூடாரம் என்கிற தொழுகைக் கூடாரத்தின் பலகை, கொக்கி, திரை என்று அளவுகள் வந்து, 35-க்கு மேல் அதே அளவுகள் மறுபடியும் வந்து களைத்திருப்பீர்கள். அதற்கு மேல் பலி, கொழுப்பு, குண்டிக்காய் (சிறுநீரகம்), குஷ்டரோகம். எனக்குத் தெரிந்து இந்த ஊழியம் நின்றுபோகிற இடம் பெரும்பாலும் இதுதான். அதனால் இதைத் தனியாகச் சொல்கிறேன்.

முதல் அதிகாரத்திலிருந்து தொடங்காதீர்கள். நேராக 16-ஆம் அதிகாரத்துக்குப் போங்கள், பாவநிவிர்த்தி நாள் அது. வருஷத்துக்கு ஒரு தரம் பிரதான ஆசாரியனான ஆரோன் திரைக்குள்ளே, மகா பரிசுத்த இடத்துக்குப் போகிறான். ஒரு வெள்ளாட்டுக்கடா பலியாகிறது, இன்னொன்று ஜனங்களின் அக்கிரமங்களைச் சுமந்துகொண்டு வனாந்தரத்துக்குப் போகிறது. வாசித்த கையோடு, அதை இயேசுவின் பலியோடு ஒப்பிடுகிற எபிரெயர் 9, 10 அதிகாரங்களை வாசியுங்கள். அதன் பிறகு லேவியராகமம் 1-க்கு வந்தால் எதற்காக இத்தனை விவரம் என்று கொஞ்சம் பிடிபடும்.

அடுத்து, முதல் ஐந்து அதிகாரத்தின் பலிகளை நோட்டில் ஒரு சின்னக் கட்டம் போட்டு எழுதுங்கள்: சர்வாங்க தகனபலி, போஜனபலி, சமாதானபலி, பாவநிவாரணபலி, குற்றநிவாரணபலி. பக்கத்தில் எது முழுதும் எரிக்கப்படுகிறது, எதில் ஆசாரியனுக்குப் பங்கு, எதில் கொண்டுவந்தவனும் உட்கார்ந்து சாப்பிடுகிறான் என்று குறியுங்கள். 6, 7 அதிகாரங்களை வாசிக்கும்போதுதான் கட்டம் நிரம்பும். கொண்டுவந்தவனும் சாப்பிடுவது சமாதானபலியில் மட்டும். இது தெரிந்தபோது எனக்கு அந்தப் புத்தகமே வேறாகத் தெரிந்தது.

மூன்றாவது, ஏழைகளுக்கான வசனங்களைத் தேடிக் கோடு போடுங்கள். ஆட்டுக்கு வசதியில்லாதவன் இரண்டு புறா கொண்டுவரலாம், அதுவும் முடியாதவன் கொஞ்சம் மாவு கொண்டுவரலாம் என்று 5-ஆம் அதிகாரம் சொல்கிறது. பிள்ளை பெற்றவளுக்கும் இதே சலுகை 12:8-ல் இருக்கிறது. இப்போது லூக்கா 2:24-ஐத் திறங்கள். மரியாளும் யோசேப்பும் தேவாலயத்துக்குக் கொண்டுபோனது என்ன? போன மாதம்தான் கிறிஸ்துமஸ் நாடகத்தில் பட்டு உடுத்திய மரியாளைப் பார்த்தோம். ஆட்டுக்குட்டிக்குக் காசில்லாத குடும்பம் அது. வயல் ஓரத்தை அறுக்காமல் எளியவனுக்கு விடு என்கிற 19:9, 10-ஐக் குறித்துவைத்தால், ரூத் கதிர் பொறுக்கப் போகிற ரூத் 2-ல் வேலைக்கு ஆகும்.

எண்ணாகமம் 7-ஆம் அதிகாரத்துக்கு மட்டும் ஒரு குறிப்பு. 89 வசனம், பன்னிரண்டு கோத்திரத் தலைவர்களும் ஒரே மாதிரிக் காணிக்கை கொண்டுவருகிறார்கள். முதல் தலைவனுடையதை நிதானமாக வாசியுங்கள், மற்றவர்களுக்குப் பெயரைச் சத்தமாக வாசித்தால் போதும். 11-ஆம் அதிகாரத்திலிருந்து கதை சூடு பிடித்துவிடும்.

படி 6: விட்டுப்போன நாள்

அட்டவணையில் தேதி போடாதீர்கள். கட்டம் மட்டும் போதும். தேதி இருந்தால் பொங்கலுக்கு ஊருக்குப் போய் வந்த நான்கு நாளும் கடனாக நிற்கும். அந்தக் கடனை ஒரே இரவில் அடைக்க உட்காருவீர்கள், பன்னிரண்டு அதிகாரம் ஓட்டுவீர்கள், மறுநாள் புத்தகத்தைப் பார்த்தாலே அலுப்பு வரும். விட்ட இடத்தில் அடையாள ரிப்பன் இருக்கிறது, அங்கிருந்து அன்றைய பங்கை மட்டும் வாசியுங்கள். வருஷம் டிசம்பரில் முடியாமல் அடுத்த பிப்ரவரியில் முடிந்தால் ஒன்றும் குறைந்துவிடாது.

இரண்டு வாரத்துக்கு மேல் இடைவெளி விழுந்தால் ஒரு நல்ல மறுதொடக்கம் இருக்கிறது. லெந்து என்கிற தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் பிப்ரவரி 4-க்கும் மார்ச் 10-க்கும் நடுவில்தான் எப்போதும் வரும். சபையே ஒடுங்கி ஜெபிக்கிற லெந்து நாட்களில் சேர்ந்துகொள்வது தனியாக எழுந்திருப்பதைவிடச் சுலபம்.

இடையில் ஒன்று: உடன்படிக்கை ஆராதனை

சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைகள் பலவற்றில் ஜனவரி முதல் ஞாயிறு, தேவனோடு உள்ள உடன்படிக்கையைப் புதுப்பிக்கிற உடன்படிக்கை ஆராதனை நடக்கும். 31 இரவு கூட்டம் அலைமோதும், இதற்குப் பாதிகூட வராது. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி 1755 ஆகஸ்டில் லண்டன் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸில் ஏறக்குறைய 1800 பேரோடு நடத்தியதிலிருந்து மெதடிஸ்டுகள் வழியாக வந்தது இது. உமக்காகப் பயன்படுத்தப்படவும் உமக்காக ஒதுக்கிவைக்கப்படவும் சம்மதம் என்கிற பொருளில் ஒரு ஜெபம் அதில் வரும். வாயால் சொல்லக் கஷ்டமான ஜெபம். புத்தாண்டில் ஒரே ஒரு ஆராதனைக்குத்தான் போக முடியும் என்றால் நான் இதைத் தேர்ந்தெடுப்பேன்.

பிறகு சேர்த்தவை

இரவு ஷிப்ட் பார்க்கும் ஒரு தம்பி, "அதிகாலை தியானம் எனக்கு நடக்காதே" என்று கேட்டிருந்தார். அதிகாலைதான் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. ஷிப்ட் முடிந்து தூங்கப்போகும் முன் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் கட்டிலில் உட்கார்ந்து வாசிக்காதீர்கள்.

ஜனவரி உபவாசம் பற்றிச் சிலர் கேட்டிருந்தீர்கள். சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ போடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் சாப்பாட்டை நிறுத்த வேண்டாம். மற்றவர்கள் தொடங்குவதற்கு முன், தேவனுக்குப் பிரியமான உபவாசம் எது என்று சொல்கிற ஏசாயா 58-ஐ ஒரு தரம் வாசித்துவிடுங்கள்.

கத்தோலிக்க அக்கா ஒருவர் கணக்கு உதைக்கிறது என்று எழுதியிருந்தார். சரிதான், உங்கள் திருவிவிலியத்தில் 73 நூல்கள், அதனால் 1189 பொருந்தாது. புதிய ஏற்பாட்டின் 260 எல்லாருக்கும் ஒன்றுதான், அந்த வழியை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

"ஜூனில்தான் இதைப் பார்த்தேன், அடுத்த ஜனவரி வரை காத்திருக்கட்டுமா?" என்றும் ஒருவர் கேட்டார். வேண்டாம். மாற்கு சுவிசேஷம் 16 அதிகாரம், வாரம் ஐந்து என்றால் மூன்று வாரமும் ஒரு நாளும். நாளை காலை மாற்கு 1.