நைந்த நாற்காலிக்குப் பழைய துணியில் புது இருக்கை

எங்கள் வீட்டுக் கூடத்தில் இரண்டு தேக்கு நாற்காலிகள் இருக்கின்றன. காயலான் கடையில் விறகுக் குவியலுக்குப் பக்கத்தில் கிடந்தவை. கால், சட்டம், முதுகுப் பட்டை எல்லாம் கல்லுப்போல உறுதியாக இருந்தன. இருக்கைதான் பாழ்: ரெக்ஸின் வெடித்து, உள்ளே இருந்த ஃபோம் மஞ்சள் தூளாக உதிர்ந்துகொண்டிருந்தது. அந்த ஒரு குறைக்காக நல்ல தேக்கு அடுப்புக்குப் போவதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. இருக்கையை மாற்ற ஒரு பிற்பகல் போதும். துணிக்குக் கடைக்குப் போக வேண்டியதில்லை, பீரோவின் அடித்தட்டிலேயே இருக்கும்.

முதல் முயற்சிக்கு சோபாவை எடுக்காதீர்கள். அதில் ஸ்பிரிங், வார்ப்பட்டை, தையல் என்று பல வேலைகள் உண்டு. அடியில் நான்கு திருகாணிகளைக் கழற்றினால் இருக்கை தனியே கையோடு வந்துவிடும் சாப்பாட்டு மேசை நாற்காலிதான் பழகுவதற்கு ஏற்றது. அதற்கு ஊசி நூல்கூட வேண்டாம்.

வாங்கும்போது

முதுகுப் பட்டையைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். இலேசாக ஆடினால் பசை போட்டுச் சரிசெய்யலாம். பிறகு கவிழ்த்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். குண்டூசித் துளைகளும் அவற்றுக்குக் கீழே புதிய மாவும் தெரிந்தால், உளுப் பூச்சி இன்னும் உள்ளே வேலை செய்கிறது என்று பொருள். துணி மடிப்புகளில் கரும்புள்ளிகள் வரிசையாக இருந்தால் அது மூட்டைப் பூச்சியின் தடம். இரண்டில் எது இருந்தாலும் அந்த நாற்காலியை விட்டுவிடுங்கள்.

வேண்டியவை

திருப்புளி, குறடு, நல்ல கத்தரிக்கோல், அளவு நாடா, சுண்ணக்கட்டி, கையால் அழுத்தும் ஸ்டேப்ளர் கன், 8 மி.மீ. பின்கள். இருக்கைப் பலகை பிளைவுட்டாக இருந்தால் இந்தப் பின் நன்றாக இறங்கும். தேக்குப் பலகையாக இருந்தால் பாதியிலேயே நின்றுவிடும். அப்போது செருப்புத் தைப்பவர்கள் அடிக்கும் சிற்றாணியும் சிறு சுத்தியலும் போதும்.

1. கழற்றுதல்

நாற்காலியைக் கவிழ்த்துத் திருகாணிகளைக் கழற்றுங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட நாற்காலிகள் இருந்தால் இருக்கைக்கும் சட்டத்துக்கும் ஒரே எண்ணைப் பென்சிலால் எழுதிவிடுங்கள். கையால் செய்த நாற்காலிகளில் ஒன்றின் துளை இன்னொன்றுக்குப் பொருந்துவதே இல்லை.

பழைய பின்களைத் திருப்புளி முனையால் நெம்பிக் குறடால் இழுங்கள். மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு வெளியில் உட்கார்ந்து செய்யுங்கள், தூசி மிக அதிகம். உரித்த ரெக்ஸினைத் தூக்கி எறிய வேண்டாம். வெட்டுவதற்கு அதுதான் மாதிரி. மூலைகளை முன்பு எப்படி மடித்திருந்தார்கள் என்பதை அவிழ்ப்பதற்கு முன்பே படம் எடுத்துவைத்துக்கொள்வது நல்லது.

2. துணியைத் தேர்ந்தெடுத்தல்

இங்கே அவசரம் கூடாது. பழைய துணியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். இழை விலகிய இடங்கள் பளிச்சென்று தெரியும். அடுத்து ஓரத்தை இரு கைகளாலும் பிடித்துச் சட்டென்று இழுங்கள். ‘பிர்ர்’ என்ற சத்தம் வந்தால் அந்தத் துணி உட்காரும் பாரத்தைத் தாங்காது.

பழைய பட்டுப் புடவையை நான் பரிந்துரைக்க மாட்டேன். பல ஆண்டுகள் மடித்தே வைத்திருந்த கோட்டில் அது இற்றுப்போயிருக்கும். இழுத்து அடித்த சில நாட்களில் அந்தக் கோட்டிலேயே கிழியும். செட்டிநாட்டுக் கண்டாங்கி போன்ற கனமான பருத்திப் புடவை நன்றாக உழைக்கும். அடியில் காடாத் துணி ஒரு சுற்றுக் கொடுத்தால் இன்னும் நல்லது. சென்னிமலைப் போர்வை புதியவர்களுக்கு மிக ஏற்றது: கனமும் உண்டு, மடிப்புக்கும் வளையும். ஜீன்ஸின் உறுதியில் குறையில்லை. ஆனால் ஒரு காலைப் பிரித்தால் ஓர் இருக்கைக்கு அகலம் பற்றாது. இரண்டு கால்களை இணைத்துத் தைக்க வேண்டியிருக்கும்.

எனக்கு மிகவும் பிடித்தது பவானி ஜமுக்காளம். 2005-இல் புவிசார் குறியீடு பெற்ற அந்த நெசவின் பட்டைக் கோடுகள் தேக்கின் நிறத்தோடு அத்தனை அழகாகப் பொருந்துகின்றன. கல்யாண வீடுகளில் பந்திக்கு விரித்து விரித்து ஓரம் நைந்த ஜமுக்காளம் எங்கள் பரணில் இருந்தது. நடுப்பகுதி புதிது மாதிரியே இருந்தது.

ஆனால் அதில் ஒரு தவறு செய்தேன். என் முதல் நாற்காலியின் இருக்கை சட்டத்துக்கு மேலே உட்காருவது அல்ல, சட்டத்துக்குள் இறங்கி உட்காருவது. ஜமுக்காளத்தின் தடிமனைக் கணக்கில் எடுக்காமல் அடித்து முடித்துவிட்டேன். இருக்கை உள்ளே இறங்கவில்லை. தட்டித் தட்டி இறக்கியபோது முன்மூலை இணைப்பு ஒரு நூல் அளவு விட்டுவிட்டது. கயிற்றால் இறுக்கிப் பசை போட்டு ஒரு நாள் முழுக்கக் காயவைக்க வேண்டியதாயிற்று. எனவே துணியை வெட்டும் முன், வெறும் பலகையைச் சட்டத்துக்குள் வைத்துச் சுற்றிலும் உள்ள இடைவெளியில் துணியைச் செருகிப் பாருங்கள். நான்கு பக்கமும் ஒரே நேரத்தில் துணி இருக்கும்போது பலகை தளர்வாக இறங்க வேண்டும். இறங்காவிட்டால் மெல்லிய துணிக்கு மாறுங்கள், அல்லது பலகையின் ஓரத்தை இழைப்புளியால் சீவுங்கள்.

எந்தத் துணியானாலும் முதலில் துவைத்து, வெயிலில் காயவைத்து, இஸ்திரி போட்டுவிடுங்கள். சுருங்க வேண்டியது இப்போதே சுருங்கட்டும்.

3. ஃபோம்

பழைய ஃபோம் தூளாகியிருந்தால் மாற்றியே ஆக வேண்டும். கடையில் 40 டென்சிட்டி, 50 மி.மீ. தடிமன் என்று கேளுங்கள். அதாவது கன மீட்டருக்கு 40 கிலோ எடையுள்ள ஃபோம். இதைவிட இலேசானது சில மாதங்களில் அமுங்கிப் பலகை தட்டும். பலகையை ஃபோமின் மேல் வைத்து வரைந்து, நீளமான கத்தியால் வெட்டுங்கள். அழுத்தி வெட்டினால் ஓரம் சரியும், மெல்ல அறுக்க வேண்டும். மேல் விளிம்பைக் கத்தரிக்கோலால் சாய்வாகச் சிறிது நறுக்கிவிட்டால் இருக்கை உருண்டையாக, கூர்முனை இல்லாமல் அமையும். நாலைந்து இடங்களில் ரப்பர் பசை தொட்டுப் பலகையோடு ஒட்டுங்கள். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.

4. அளந்து வெட்டுதல்

பழைய உறை உருக்குலைந்து போயிருந்தால் கணக்குப் போட்டுக்கொள்ளலாம். இருக்கை 45 செ.மீ. அகலம், 42 செ.மீ. ஆழம் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு பக்கத்திலும் ஃபோமுக்கு 5, பலகைக்கு 1.2, அடியில் மடிக்க 5, ஆக 11.2 செ.மீ. கூடுதலாக வேண்டும். இரண்டு பக்கத்துக்கு 22.4. அப்படியானால் 67.4-க்கு 64.4. நான் 70-க்கு 67 வெட்டுவேன். மிச்சத்தைப் பிறகு நறுக்கிக்கொள்ளலாம், குறைந்ததைக் கூட்ட முடியாது.

கோடு போட்ட துணி என்றால் கோடு முன்னிருந்து பின்னாக ஓடட்டும். நடுக்கோடு இருக்கையின் நடுவில் விழ வேண்டும். துணியின் நான்கு ஓரங்களிலும் பலகையின் நான்கு பக்கங்களிலும் நடுப்புள்ளியைச் சுண்ணக்கட்டியால் குறியுங்கள்.

5. இழுத்து அடித்தல்

மேசைமேல் துணியைக் கவிழ்த்து விரித்து, அதன்மேல் ஃபோம் கீழே இருக்கும்படி பலகையை வையுங்கள். குறிகள் நேர்நேராக இருக்கட்டும். பின்பக்க நடுவில் ஒரு பின். பிறகு முன்பக்கத் துணியைப் பிடித்து, மறு உள்ளங்கையால் பலகையை அழுத்தி, ஃபோம் அமுங்கும்போது இழுத்து நடுவில் ஒரு பின். அடுத்து இடது நடு, வலது நடு. இந்த நான்கு பின்களோடு நிறுத்திவிட்டுப் பலகையைத் திருப்பிப் பாருங்கள்.

கோடு நேராக இருக்கிறதா? பின் அடித்த இடத்தில் மட்டும் கோடு வில்லாக வளைந்தால் அங்கே இழுத்தது அதிகம். விரலால் தடவும்போது துணி அலைபோல முன்னே நகர்ந்தால் இழுத்தது குறைவு. இந்த நிலையில் நான்கே பின்களைப் பிடுங்கித் திருத்திவிடலாம், பிறகு நாற்பதைப் பிடுங்க வேண்டியிருக்கும்.

சரியாக இருந்தால் நடுவிலிருந்து மூலை நோக்கிப் போங்கள். ஒரு பக்கத்தில் இரண்டு பின் அடித்தால் உடனே எதிர்ப்பக்கத்தில் இரண்டு. ஒரு பக்கத்தை முழுக்க முடித்துவிட்டு எதிர்ப்பக்கம் போனால் துணி கோணிக்கொள்ளும். பின்களுக்கு இடையே 3 செ.மீ., பலகை விளிம்பிலிருந்து 2 செ.மீ. உள்ளே. ஒவ்வொரு மூலைக்கும் 5 செ.மீ. முன்பே நின்றுவிடுங்கள்.

மூலைதான் புதியவர்களைப் பயமுறுத்தும் இடம். மூலை நுனியை நேராகப் பலகையின் மையம் நோக்கி இழுத்து ஒரு பின் அடியுங்கள். இரு பக்கமும் துணி காதுபோல எழுந்து நிற்கும். முதலில் முன்பக்கக் காதைத் தட்டையாக மடித்து அடித்துவிட்டு, பக்கவாட்டுக் காதை அதன்மேல் கொண்டுவந்து கீழ்நோக்கி இறுக்குங்கள். மடிப்பின் விளிம்பு பக்கவாட்டில் விழுந்தால் முன்னே இருந்து பார்ப்பவருக்குத் தெரியாது. தடித்த துணியில் உள்ளே மடிந்து கிடக்கும் சதையைக் கத்தரித்து எடுக்காவிட்டால் மூலை புடைத்துக்கொண்டு நிற்கும்.

6. திரும்பப் பூட்டுதல்

திருகாணித் துளைகளைத் துணி மூடியிருந்தால் குத்தூசியால் குத்தி, துளையைச் சுற்றி இழைகளை வெட்டிவிடுங்கள். அப்படியே திருகினால் இழை ஆணியில் சுற்றிக்கொண்டு, பார்த்துப் பார்த்து இழுத்த துணியை ஒரு பக்கமாக முறுக்கிவிடும். நான்கு திருகாணிகளையும் பாதி இறக்கிய பிறகே ஒவ்வொன்றாக முடுக்குங்கள்.

அடிப்பக்கத்தை மூடத் தனியாகத் துணி வாங்க வேண்டாம். கம்பி ஒடிந்த குடையின் கறுப்புத் துணி அதற்கு மிகப் பொருத்தம்: மெலிதாக இருக்கும், தூசியும் உதிராது. ஆனால் அதை இன்றே அடிக்காதீர்கள். ஒரு வாரம் வீட்டில் எல்லோரும் அந்த நாற்காலியில் உட்கார்ந்து எழட்டும். பழைய துணி முதல் சில நாட்களில் சற்று இளகிக்கொடுக்கும். எங்கேயாவது சுருக்கம் விழுந்தால் இருக்கையைக் கழற்றி, அந்தப் பக்கத்துப் பின்களை மட்டும் எடுத்து மீண்டும் இழுத்து அடித்துவிட்டு, அதற்குப் பிறகு குடைத் துணியை அடியுங்கள்.