எலும்புப்புரையும் கண்புரையும்: ஸ்டீராய்டு எடுப்பவர்கள் கண்ணைக் காக்கும் முறை

மூட்டுவாதம், ஆஸ்துமா என்று ப்ரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையை 3 மாதத்துக்கு மேல் சாப்பிட்டால் எலும்பு தேயும் (எலும்புப்புரை) என்பது பலருக்கும் தெரிந்திருக்கிறது. கண்ணைப் பற்றிய பேச்சு பல நேரம் வருவதே இல்லை. அதே மாத்திரைதான் லென்ஸின் பின்பக்கத்தில் புரையை வளர்க்கிறது, கண்ணின் நீர் அழுத்தத்தையும் ஏற்றுகிறது. பார்வை மங்கினால் படி தவறும். தேய்ந்த இடுப்பெலும்பு ஒரு விழுதலைக்கூடத் தாங்காது.

முதல் வேலை, உடம்புக்குள் போகும் ஸ்டீராய்டு எல்லாவற்றையும் கணக்கெடுப்பது. மாத்திரை மட்டுமல்ல, இன்ஹேலர், மூக்கு ஸ்பிரே, இமையருகே தடவும் களிம்பு, மூட்டில் போட்ட ஊசி எல்லாம் சேரும். சொட்டு மருந்துக் குப்பியின் பொடி எழுத்தைப் படியுங்கள். டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், ப்ரெட்னிசோலோன், டைஃப்ளூப்ரெட்நேட் எல்லாமே ஸ்டீராய்டுதான். ஆன்டிபயாடிக் சொட்டு என்று வாங்கியதிலும் டெக்ஸாமெத்தசோன் கலந்திருக்கலாம். பெயர், அளவு, தொடங்கிய தேதி மூன்றையும் ஒரு தாளில் எழுதிக் கண் மருத்துவரிடம் கொடுங்கள்.

அங்கே கேட்க வேண்டியவை: கண் அழுத்தம், கண் பாப்பாவை விரித்து லென்ஸ் சோதனை, பார்வை நரம்புச் சோதனை. அழுத்தம் வழக்கமாக 10 முதல் 21 மி.மீ. பாதரசம் வரை இருக்கும். எண்ணை எழுதி வாங்குங்கள், அடுத்த முறை ஒப்பிட அதுதான் உதவும். சொட்டு மருந்து போடுபவர்களுக்கு 2 முதல் 6 வாரத்துக்குள்ளேயே அழுத்தம் ஏறக்கூடும். அதனால் 4 வாரத்தில் மறுபடி அளக்க வேண்டும். மாத்திரை தொடர்ந்தால் 6 மாதத்துக்கு ஒரு முறையாவது பார்ப்பது நல்லது. குடும்பத்தில் கிளாக்கோமா (பார்வை நரம்பு கெடும் நோய்) இருப்பவர்கள், சர்க்கரை நோயோ அதிகக் கிட்டப்பார்வையோ உள்ளவர்கள் இன்னும் அடிக்கடி. பாப்பாவை விரித்த அன்று சில மணி நேரம் பார்வை கலங்கும், வண்டி ஓட்டாதீர்கள்.

வலிக்கவில்லையே என்று இருந்துவிடாதீர்கள். அழுத்தம் மெல்ல ஏறும்போது வலி பெரும்பாலும் வராது, பார்வை ஓரத்திலிருந்து தேயும். மருந்தை நிறுத்தினால் அழுத்தம் பலருக்கு இறங்கும், ஆனால் செத்த நரம்பு திரும்பாது. புரைக்கு அறிகுறி உண்டு: வெயிலில் கண் கூசும், எதிரே வரும் வண்டியின் விளக்கு பூப்போல விரியும், படிப்பது சிரமமாகும். இன்னொன்று, விழித்திரைக்கு அடியில் நீர் கோப்பது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஜன்னல் கம்பியைப் பாருங்கள்; பிறகு மறு கண்ணால். கம்பி வளைந்தோ நடுவில் கறையாகவோ தெரிந்தால் உடனே போக வேண்டும்.

கண் சிவந்தால் "மெட்ராஸ் ஐ" என்று கடையில் ஸ்டீராய்டு சொட்டு வாங்குவதுதான் மிகப் பெரிய ஆபத்து. வயல் வேலையில் நெல் தாளோ சருகோ கீறிய கருவிழியில் பூஞ்சை பிடித்திருந்தால், ஸ்டீராய்டு சிவப்பையும் வலியையும் தணித்துவிட்டு உள்ளே புண்ணை ஆழமாக்கும். குழந்தைகளின் அலர்ஜிக் கண் அரிப்புக்குப் பழைய சீட்டை வைத்து மாதக்கணக்கில் சொட்டு போடுவதும் இதே வகை. பள்ளி வயதிலேயே கிளாக்கோமா வரலாம்.

எலும்புப்புரை மருந்திலும் ஒரு கண் வையுங்கள். வாரம் ஒரு முறை போடும் அலெண்ட்ரோனேட் 70 மி.கி., ஆண்டுக்கு ஒரு முறை ஏற்றும் சோலெட்ரோனிக் அமிலம் 5 மி.கி. ஆகியவை அபூர்வமாகக் கண்ணின் உள்ளே அழற்சியை உண்டாக்கும். ஊசி போட்ட சில நாளில் கண் சிவந்து, ஆழமாக வலித்து, வெளிச்சம் பார்க்க முடியாமல் போனால் அன்றே கண் மருத்துவரிடம் ஊசியின் பெயரைச் சொல்லுங்கள். ஸ்கிளீராவில் (கண்ணின் வெள்ளைப் பகுதியில்) அழற்சி என்றால் அந்த மருந்தை மாற்ற வேண்டிவரும்.

எதைக் கேட்டுப் பயந்தாலும் ஸ்டீராய்டு மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். 3 வாரத்துக்கு மேல் எடுத்தவரின் உடம்புக்குச் சொந்த ஸ்டீராய்டைச் சுரக்கும் அட்ரினல் சுரப்பி தூங்கிப்போயிருக்கலாம். திடீரென்று விட்டால் ரத்த அழுத்தம் சரிந்து மயக்கம் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். அளவைப் படிப்படியாகக் குறைக்க முடியுமா, மெத்தோட்ரெக்சேட் போன்ற மாற்று உண்டா என்று மருந்து எழுதியவரிடமே, அழுத்த எண் எழுதிய தாளைக் காட்டிக் கேளுங்கள்.