வில்பத்துக்கு ஜீப் பிடிக்கும் முன்

கனடா, லண்டனிலிருந்து இலங்கையில் ஊருக்குப் போகிறவர்கள் இப்போது நல்லூர், கோணேஸ்வரம் கோயில்களோடு நிற்பதில்லை. பிள்ளைகளுக்குக் காடு காட்ட வில்பத்து, ஹோட்டன் சமவெளி தேசிய பூங்காக்களுக்கும் போகிறார்கள். நல்ல விஷயம்தான்.

வில்பத்தில் முதலில் ஜீப் சாரதியிடம் பேசுங்கள். "தம்பி, சிறுத்தை காட்டினால் தனியாகத் தருவேன்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். காட்டுக்குள் நடக்கும் கூத்துகளில் பாதி இந்த ஒரு பேச்சில்தான் தொடங்குகிறது. யாரோ சிறுத்தையைக் கண்டதாகப் போன் வந்ததும் ஜீப் பறக்கும். போய்ப் பார்த்தால் ஏற்கெனவே ஒரு கூட்டம் ஜீப்கள் அந்த மிருகத்தைச் சுற்றி நிற்கும். சாரதியைக் குறை சொல்லிப் பயனில்லை, கேட்பவர்கள் நாங்கள். "அவசரமில்லை, தூரத்தில் நின்றே பார்ப்பம்" என்று புறப்படும்போதே சொல்லுங்கள். சிறுத்தை வந்தாலும் வராவிட்டாலும் ரிப்ஸ் (அன்பளிப்புக் காசு) ஒன்றுதான் என்பதும் அவருக்குத் தெரியட்டும்.

வில்பத்தின் உண்மையான அழகு வில்லுகள்தான். மழைநீர் தேங்கும் ஆழமில்லாத இயற்கைக் குளங்கள் அவை. ஒரு வில்லுக் கரையில் எஞ்சினை நிறுத்தச் சொல்லிப் பேசாமல் இருந்தால் புள்ளிமான், முதலை, கொக்கு எல்லாம் தானாகக் கண்ணில் படும். அனுமதித்த இடம் தவிர வேறெங்கும் இறங்கக் கூடாது, படம் எடுப்பதற்காகக்கூட.

ஹோட்டன் சமவெளி நடக்கிற இடம். 2,000 மீற்றருக்கு மேல் உயரம் என்பதால் விடியற்காலையில் நன்றாகக் குளிரும். உலக முடிவு என்ற செங்குத்துப் பாறை விளிம்பைப் பார்க்க வேண்டுமென்றால் மூடுபனி ஏறுமுன் போய்விட வேண்டும். வாசலில் பையைத் திறந்து பொலித்தீனை எடுத்துவிடுவார்கள், போத்தலில் ஒட்டிய லேபிளைக்கூட. முகம் சுளிக்காதீர்கள். அங்கே மரைகள் (பெரிய மான்கள்) மனிதரிடம் சாப்பாடு கேட்டுப் பழகிவிட்டன. பொலித்தீனையும் சேர்த்து விழுங்கிச் சாகின்றன. லஞ்ச் சீற் என்ற பொலித்தீன் தாளில் சுற்றிய பார்சலை விட்டு, மூடியுள்ள பெட்டியில் சாப்பாடு கொண்டுபோங்கள்.

அப்புறம் கதிர்காமம் போகும் புத்தல வீதி. அங்கே யானைகள் வாகனத்தை மறித்துத் தும்பிக்கையை நீட்டும். பிள்ளையார் என்று கும்பிடுங்கள், தடையில்லை. வாழைப்பழம் மட்டும் வேண்டாம். கொடுக்கக் கொடுக்கத்தான் அவை வீதிக்கு வருகின்றன, அடுத்த வாகனத்தில் பழம் இல்லையென்றால் கண்ணாடி உடையும்.

ட்ரோன் கொண்டுவந்திருந்தால் அது பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும். பூங்காக்களில் அனுமதியில்லாமல் பறக்கவிட முடியாது.